பாப்பா பார்க்கும் பக்கம்

லஸ் பக்கத்தில் எங்கள் பேனர் கடை. ஷீலா டிசைன் போடுவாள், நான் அச்சடிப்பேன். தங்கமான பெண், ஆனால் அவளோடு வேலை பார்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. பேனரில் ஓர் இடம் காலியாகக் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். ஒரு பூவையாவது வைக்கச் சொல்வேன். "கண்ணு போய் உக்கார எடம் வேணாமாண்ணே?" என்று இருக்கிற பூவையும் எடுத்துவிடுவாள். டீக்கடைக்குப் போனால்கூட பிஸ்கட் பாட்டில்களை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் டீ கேட்பாள்.

ஆட்டோ ஓட்டும் சேட்டு, மகள் காதுகுத்துக்கு பேனர் சொல்ல வந்தார்.

"யம்மா, பாப்பா சைஸுக்கே எம் மச்சானையும் போட்டுடு. வளைகாப்பு பேனர்ல ஸ்டாம்பு சைஸ்ல போட்டுட்டேன்னு கை நனைக்காம பூட்டான். இப்பவும் கோச்சிக்கினா பாப்பாவ யார் மடில உக்கார வெக்கிறது? தாய்மாமன் அவன் ஒருத்தன்தான்."

"ரெண்டு தலையும் ஒரே சைஸ்ல இருந்தா கண்ணு நடுவுல முழிச்சிக்கினு நிக்கும்ணா. விசேஷம் பாப்பாவுக்கு."

பாப்பா பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்கும் படத்தை எடுத்து இடதுபுறம் பெரிதாக வைத்தாள். வலது ஓரத்தில், சின்னதாக மாமன் சித்தார்த்தன். நடுவில் வெறும் மஞ்சள். பார்த்ததும் சேட்டுவுக்கு முகம் செத்துவிட்டது. "கொஞ்சம் பூவாவது போடும்மா" என்று நானும் கெஞ்சினேன். அவள் அசையவில்லை. "என்ன நம்புங்கண்ணா" என்றாள். மறுநாள் விசேஷம். சேட்டு அரை மனதாகத் தலையாட்டினார்.

காலையில் மந்தைவெளி மண்டப வாசலில் நான்தான் பேனரைக் கட்டினேன். ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்த பிறகு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குப் போய்விட்ட சித்தார்த்தன், பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். பேனர் முன்னால் நின்றுவிட்டான். சேட்டு வாழைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

சித்தார்த்தன் முதலில் பாப்பாவைப் பார்த்தான். பிறகு அவள் பார்க்கிற பக்கம் திரும்பினான். அந்த மஞ்சளைத் தாண்டி அங்கே வேறு யாரும் இல்லை, அவன் மட்டும்தான்.

"இன்னா மாமா," என்றான் சேட்டுவிடம். "கொயந்த என்னையே பாத்துக்கினு கீது?"

பதிலுக்கு நிற்கவில்லை. விடுவிடுவென்று உள்ளே போய் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "எங்க எம் மருமவ? குடு இங்க."

காது குத்தும்போது பாப்பா வீறிட்டாள். அவளைவிட மாமன்தான் அதிகம் அழுதான்.