விளக்கெண்ணெய் மோட்டார்

குற்றாலலிங்கம் பிள்ளை வீட்டுக்கு மோட்டார் வந்தபோது, அது ஓடுவதைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட அது ஒழுகுவதைப் பார்க்க வந்த கூட்டம்தான் பெரிது.

பிள்ளை கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நிலபுலன் உள்ளவர். 1911-ல், சீமைக்குக் கப்பலேறப்போன ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரிடமிருந்து தூத்துக்குடியில் அந்த வண்டியை வாங்கினார். இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி. மேலே கூரை கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது. முன்னால் நீண்ட மூக்கு, அதற்குள் என்ஜின். பந்தயத்துக்கு ஓட்டுகிற வகை, அதனால் விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும், வேறு எண்ணெய் அந்தச் சூட்டுக்குத் தாங்காது என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். ஊற்றுவதில் பாதி தரைக்குப் போய்விடும் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

"மனுசனுக்குக் கரண்டி விளக்கெண்ணெய் குடுத்தாலே அன்னைக்குப் பூரா கொல்லைக்கு நடக்கான். அந்த வாயில்லாச் சீவனுக்கு மொடா மொடாவா ஊத்துதாவ. பிறகு நிக்கவா செய்யும் வே?" என்றார் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வண்டிக்கு அடியில் கோரைப்பாயில் மல்லாந்து கிடந்த தேவசிகாமணிக்கும் அது கேட்டது. அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நெற்றியில் விழுந்த சொட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அடுத்த சொட்டு எங்கிருந்து இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவசிகாமணிக்கு அப்போது நாற்பதை நெருங்குகிற வயது. தாது வருஷப் பஞ்சத்தில் யாரோ ஒரு பெண் அவனைப் பாளையங்கோட்டை மிஷன் அநாதை விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். தாயா, அத்தையா, வழியில் கண்டெடுத்தவளா, யாருக்கும் தெரியாது. தேவசிகாமணி என்ற பெயர் விடுதியில் வைத்தது. அங்கே இருந்த தொழிற்பட்டறையில் இரும்பு வேலை படித்தான். பிறகு தூத்துக்குடியில் ஒரு பஞ்சாலையில் நீராவி என்ஜினுக்கு எண்ணெய் போட்டான். அந்த ஆலை கைமாறியபோது வேறொரு ஆலை, பிறகு ஒரு நெல் மில். எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் ஒரு ஃபோர்மன் இருந்தார். எந்த என்ஜினும் 'தேவசிகாமணி பொறுப்பு' என்று இருந்ததில்லை. பிள்ளைதான் முதல்முதலாக ஒரு வண்டியை முழுசாக அவன் கையில் கொடுத்து, "ஓட்டுறதும் நீரு, பாக்கறதும் நீரு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது வே" என்றார்.

வண்டிக் கொட்டகை வீட்டோடு ஒட்டி இல்லை. எண்ணெய் தீயும் நாற்றம் அடுக்களை வரைக்கும் வருகிறது என்று பிள்ளையின் மனைவி பார்வதியம்மாள் சொன்னதால், தென்னந்தோப்புக்கு அப்பால், வாய்க்கால் கரையில் ஓலை வேய்ந்து போட்டிருந்தார்கள். அதிலேயே ஒரு மூலையில் தேவசிகாமணிக்குக் கயிற்றுக் கட்டில். சாப்பாடு பிள்ளையின் பண்ணை வீட்டிலிருந்து தூக்குப்போணியில் வரும். கொண்டு வருகிற ஆள் போணியை வாசலில் வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்பதால் அக்கிரகாரத்து வழியாகத் தேவசிகாமணி போவதில்லை. விளக்கெண்ணெய் தீய்ந்த வாடை உடம்போடு ஊறிப்போனதால் மற்ற தெருக்களிலும் யாரும் அவனை உட்காரச் சொல்வதில்லை. ஆற்றில் குளிக்கப் போனால் அவனுக்குக் கீழே தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். துறையில் இருந்தவர்கள் பைய மேலே நகர்ந்துகொள்வார்கள். பிறகு அவனே எல்லோருக்கும் கீழே, நாணல் மண்டிய இடத்தில் இறங்கிக் குளிக்கப் பழகிக்கொண்டான்.

பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாதவனுக்கு ஒழுக்கு ஒரு துணை மாதிரி ஆகிவிட்டது.

என்ஜினின் மேல் பாதியும் அடித்தொட்டியும் சேருகிற விளிம்பில்தான் முதலில் கசிந்தது. எல்லா போல்ட்டையும் கழற்றி, பழைய காகித அட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆட்டுத்தோலை அதே வடிவத்தில் வெட்டி வைத்து முறுக்கினான். அங்கே நின்றது, பின்புறம் தண்டு வெளியே வருகிற ஓட்டையில் தொடங்கியது. அங்கே கம்பளியைத் திரித்து வளையமாக அடைத்தான். அங்கே நின்றது, முன்புறம் பல்சக்கர மூடியில் கிளம்பியது. மூடியைத் தேய்த்துச் சமப்படுத்தி, ஈயச் செந்தூரத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசிக் காயவைத்தான். மறுபடி அடித்தொட்டி. பொந்துக்குப் பொந்து ஓடுகிற எலியைத் துரத்துவது போல இருந்தது.

பிள்ளைக்குப் பாளையங்கோட்டையில் ஒரு நில வழக்கு நடந்துவந்தது. வழக்கு நாளில் வண்டி போகும். வீரவநல்லூரில் ஒருமுறை, சேரன்மாதேவியில் ஒருமுறை, பேட்டையில் ஒருமுறை நிறுத்தி எண்ணெய் ஊற்றிக்கொண்டு போவார்கள். பிள்ளை கோர்ட்டுக்குள் போன பிறகு, தேவசிகாமணி தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் பக்கம் போய் வருவான். அங்கேதான் குருவானவரின் மனைவி லில்லி அம்மாள் அவனைப் பிடித்தார்.

"எத்தனை நாளைக்குத்தான் ஒத்தையில கிடப்பீரு? ஒரு பிள்ளை இருக்கா. ஞானசௌந்தரின்னு பேரு. பள்ளிக்கூடத்துல வாத்திச்சி. கட்டினவன் காய்ச்சல்ல போயி ஆறேழு வருசமாச்சு. பிள்ளை குட்டி கிடையாது. பாத்துப் பேசும். பிடிச்சா ரெண்டு பேரும் சொல்லுங்க."

அடுத்த வழக்கு நாளுக்கு வெளுத்த வேட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனான். பாளையங்கோட்டை வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம். சேரன்மாதேவியில் எண்ணெய் ஊற்றக் குனிந்தபோது காலடியில் வைத்திருந்த பொட்டலத்தில் எண்ணெய் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே கட்டிக்கொண்டு போய் நின்றான்.

ஞானசௌந்தரி முப்பது தாண்டியவள். ஒல்லியான உடம்பு, நேராகப் பார்க்கிற கண். வேட்டியில் இருந்த கறையை ஒருமுறை பார்த்தாள். இரண்டாம் முறை பார்க்கவில்லை. லில்லி அம்மாள் காப்பி எடுக்க உள்ளே போனார்.

"அங்கன தனியாவா இருக்கிய?" என்று கேட்டாள்.

"ஆமா. கொட்டகையில."

"சாப்பாடு?"

"பண்ணை வீட்டுல இருந்து வரும்."

"சூடா வருமா?"

தேவசிகாமணி யோசித்தான். அப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. விடுதியில் மணி அடித்தால் சாப்பாடு, மில்லில் சங்கு ஊதினால் சாப்பாடு. சூடா ஆறினதா என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"வந்து சேரும்போது ஆறிப்போயிரும்" என்றான்.

அவள் லேசாகத் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கல்லிடைக்குறிச்சிக்கு வர முடியாது என்று தெளிவாகச் சொன்னாள். கொட்டகையில் குடித்தனம் நடத்துவதும் முடியாது. பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் மெஷின் பார்க்க ஆள் தேடுகிறார்கள், குருவானவர் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். "நீங்க இங்கன வந்திருங்க. வீடு ஒண்ணு பிடிச்சுக்கிடலாம்."

"வாரேன்" என்றான் உடனே. பிறகு, "வண்டி ஒழுகுது. அதை நிப்பாட்டிட்டு வந்திருதேன். பாதியில விட்டுட்டு வந்தா நல்லா இருக்காது" என்றான்.

"எம்புட்டு நாளாவும்?"

"உயிர்த்தெழுந்த திருநாளுக்குள்ள முடிஞ்சிரும்."

"சரி" என்றாள். அந்த 'சரி'யைத் திரும்பும் வழி முழுவதும் அவன் நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினான். பக்கத்தில் பிள்ளை வழக்கைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அந்தத் தையிலும் மாசியிலும் என்ஜினை முழுதாக இறக்கிப் பிரித்தான். தக்கையைச் சீவி அடைத்துப் பார்த்தான். ஈயத்தை அடித்துத் தகடாக்கி வைத்துப் பார்த்தான். போல்ட்டை இன்னும் முறுக்கப் போய் ஒன்று முறிந்து, அதை எடுக்கவே பல நாள் போயிற்று. பங்குனி வந்தது. வண்டி ஒழுகிற்று.

உயிர்த்தெழுந்த திருநாளுக்குக் கோயிலில் அவளைப் பார்த்தான். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"வண்டி எப்படி இருக்கு?" என்று அவளேதான் கேட்டாள்.

அவனுக்கு அணை உடைந்த மாதிரி ஆயிற்று. தோல், கம்பளி, செந்தூரம், தக்கை, ஈயம், முறிந்த போல்ட், எல்லாம் சொன்னான். இத்தனை பேச்சு தனக்குள் இருந்தது அவனுக்கே வியப்பு. ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் வருகிறதே, அதில்தான் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று தரையில் குச்சியால் படம் போட்டுக்கூடக் காட்டினான். அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். முழுவதும் கேட்டாள். கடைசியில் மெல்லக் கேட்டாள்:

"அது நின்னுருச்சுன்னு வைங்க. பிறகு வேற ஏதாச்சும் வராதா?"

"வந்தா அதையும் பாக்கணும்தான்" என்று உண்மையைச் சொன்னான்.

"ம்" என்றாள். கோயில் காலியாகிக்கொண்டிருந்தது. அவளைக் கூட்டிப்போக வந்த பெண்கள் வாசலில் நின்றார்கள். "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று அவள் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டதை அவன் பார்க்கத்தான் செய்தான். அடுத்த முறை நல்ல சேதியோடு போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான். நல்ல சேதி இல்லாமல் போக வெட்கமாக இருந்தது. வழக்கு நாட்களில் பாளையங்கோட்டை போனாலும் கோர்ட்டு வளாகத்து மரநிழலிலேயே வண்டிக்கடியில் படுத்துக்கொண்டான். கோயில் பக்கம் போகவில்லை.

ஐப்பசி மழையில் வாய்க்கால் நிரம்பி, கொட்டகைக்கு வரும் பாதை சேறாகியிருந்த ஒரு பகலில்தான் அது பிடிபட்டது. எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருப்பிப் போட மறந்துவிட்டு என்ஜினைக் கிளப்பினான். அந்த வாயிலிருந்து புஸ்புஸ்ஸென்று புகையும் எண்ணெய்த் துளியும் சீறின. முகத்தில் பட்டது. அணைக்கலாமென்று கை போனபோது கீழே பார்த்தான். அடித்தொட்டி விளிம்பில் சொட்டு இறங்குவது குறைந்திருந்தது. சற்று நேரத்தில் நின்றே போயிற்று. மூடியைப் போட்டான், மறுபடி சொட்டிற்று. எடுத்தான், நின்றது.

உள்ளே காற்று அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே போக வழியில்லாமல் அதுதான் கிடைத்த இடுக்கிலெல்லாம் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளுகிறது. அப்படியானால் காற்றுக்கென்று ஒரு வழி விட்டிருப்பார்களே, அது எங்கே? கையால் தடவித் தேடினான். ஓட்டுகிறவன் கால் வைக்கும் பலகைக்குப் பின்னால் வளைந்து போன ஒரு பித்தளைக் குழாய் அகப்பட்டது. அதன் வாயில் துணி சுற்றி மரக்கட்டை அறைந்து, மேலே கறுப்புச் சாயம் பூசியிருந்தது. வெள்ளைக்காரர் கால்சட்டையில் எண்ணெய்ப் புகை படுகிறதென்று யாரோ செய்த வேலை. அவனும் அதை எத்தனையோ தடவை தொட்டுத் துடைத்திருக்கிறான். குழாயின் முடிவே அப்படித்தான் என்று நினைத்திருந்தான்.

கட்டையைப் பிடுங்கினான். குழாயைக் கீழ்நோக்கி நீட்டி, புகை வண்டிக்கு அடியில் போகும்படி செய்தான். மூடியை இறுக்கி என்ஜினை ஓடவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றைக் கீழே விரித்து, மழைச் சத்தத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். துணி வெள்ளையாகவே இருந்தது.

பண்ணை வீட்டுக்கு நனைந்துகொண்டே ஓடினான். பிள்ளை கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நின்னுட்டு!"

"எது வே, மழையா?"

"ஒழுக்கு."

"அப்படியா? ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். தேவசிகாமணி இன்னும் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றான். யாரும் வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பிக் கொட்டகைக்கு வந்தான்.

மழை விட்டதும் வந்த வழக்கு நாளில் வண்டி எங்கும் நிற்காமல் பாளையங்கோட்டை போயிற்று. கறை படாத வேட்டியோடு குருவானவர் வீட்டுக்குப் போனான். லில்லி அம்மாள் அவனைப் பார்த்ததும் முந்தானையைத் திருகினார்.

"ஆவணியிலேயே கொழும்புக்குப் போயிட்டா. அங்கன ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. உமக்கு ஆள் விட்டுச் சொல்லட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம், அவிய வேலையில இருக்காவ'ன்னுட்டா. கோவமா எல்லாம் சொல்லல."

"இல்ல, அவிய கோவப்பட மாட்டாவ" என்றான் தேவசிகாமணி. அவளைப் பற்றித் தனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று அப்போது தோன்றிற்று. "ஒழுக்கு நின்னுட்டும்மா" என்றான் பிறகு.

"நல்லதுய்யா" என்றார் லில்லி அம்மாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டி அதற்குப் பிறகு ஒழுகவில்லை. 1914-ல் ஜெர்மனியோடு சண்டை வந்து பெட்ரோல் கிடைப்பது அரிதானதும் பிள்ளைக்கு மோட்டார் ஆசை விட்டுப்போயிற்று. மதுரையிலிருந்து வந்த ஒரு வியாபாரி வாங்கினார். இப்படி வைத்திருக்கிற ஆளும் கூடவே வேண்டும் என்று நல்ல சம்பளம் சொன்னார். தேவசிகாமணி மறுத்துவிட்டான். சாவியையும் ஸ்பானர்களையும் ஒப்படைத்துவிட்டு, ரயிலேறிப் பாளையங்கோட்டை வந்து, முன்பு ஞானசௌந்தரி சொன்ன அதே அச்சகத்தில் மெஷின் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தான். கோயிலுக்குப் பின்தெருவில் ஓர் அறை.

ஒரு வருஷம் போல ஆனபின், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மூலம் சேதி தெரிந்து லில்லி அம்மாள் சொன்னார். ஞானசௌந்தரி அங்கேயே ஓர் ஆசிரியரைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை.

"சொகமா இருக்காவளாமா?"

"இருக்காளாம்."

"போதும்மா" என்றான். வேறு இடத்தில் பெண் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றான்.

அச்சகத்தில் இருந்தவர்களுக்கு அவன் மோட்டார் ஓட்டினவன் என்பதுகூடத் தெரியாது. வேலை முடிந்ததும் கொக்கிரகுளத்துக்கு நடந்துபோய் ஆற்றில் குளிப்பான். துறையில் யாரும் விலகுவதில்லை, பேசுவதும் இல்லை. அறைக்கு வந்து, மண்ணடுப்பில் தானே சோறு ஆக்கி, சட்டியை இறக்கியதும் இறக்காததுமாக, ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டு முடிப்பான்.