மாமா பச்சை என்ற மண்

எங்கள் மாமாவுக்கு மண்ணைக் கண்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். அவர் அம்மாவின் தம்பி. ஒரகடம் பக்கம் கம்பெனி கட்ட வருகிறவர்களுக்கு மண் பரிசோதனை செய்து கொடுக்கும் இடத்தில் வேலை. செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூடக் கிள்ளி, தண்ணீர் தொட்டு உருட்டிப் பார்ப்பார். நூலாக நீண்டால் களிமண், உதிர்ந்தால் மணல் என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கார் கம்பெனியில், பெயின்ட் அடித்து வரும் வண்டிகளில் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அப்பா பிள்ளைப்பாக்கத்தில் மனை வாங்கியதும், மாடி கட்டினால் அது அத்தைக்கு என்று முடிவானது. கட்ட முடியாவிட்டால் அவள் கூட வேலை செய்யும் பெண்களோடு ரூம் எடுத்துப் போய்விடுவாளாம். எனக்கோ அத்தை மேல் கால் போடாமல் தூக்கமே வராது. மாடிக்காக நான் வேண்டாத சாமியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனையில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டினார்கள். மாமா உள்ளே இறங்கிக் குழியின் சுவரைக் கத்தியால் சீவினார். மண் பட்டை பட்டையாகத் தெரிந்தது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கட்டி எடுத்து, நனைத்து, உருட்டி, அதற்கொரு பெயர் வைத்துப் பையில் போட்டார். மேலே இருந்தது எவனோ கொட்டிய மண். ஓட்டுச்சில்லும் பிளாஸ்டிக்கும் கிடந்த அதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாதாம். அடுத்தது கருங்களி. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், அதுவும் ஆகாது. அதற்கும் கீழே இருப்பது சிவப்பாக இருந்தால் கெட்டித் தரை, மாடி கட்டலாம். பச்சை ஓடியிருந்தால் தண்ணீர் தேங்கும் மண், மாடியை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்பாவும் அம்மாவும் டீ வாங்கப் போயிருந்தார்கள். குழியோரம் நானும் அத்தையும்தான் நின்றோம். மாமா கடைசிக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சை ஓடிக்கினு கீதுங்க. மாடி தாங்காது" என்றார் அத்தையிடம்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை கையை நீட்டிக் கட்டியை வாங்கி வெயிலில் பிடித்தாள்.

"இன்னாங்க இது, செங்கல்லாட்டம் செவப்பா கீது."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது.

"வேலையில கூட இருக்கிற பையன்தான் எனக்குக் கலர் சொல்வான்" என்றார். "ஆபீஸ்ல தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான் மாடிக்கு ஆசைப்பட்டுச் சொல்லலைங்க. கலர்ல பொய் சொல்ல எனக்கு வராது."

மாமா அவளை ஒருமுறை பார்த்தார். பையின் மேல் 'சிவப்பு' என்று எழுதினார்.

அதற்குள் அப்பாவும் அம்மாவும் டீயும் முறுக்குமாக வந்துவிட்டார்கள். மாமாவுக்குக் கலரே தெரியவில்லை என்கிற அதிசயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை ஒரு முழு முறுக்கை அதில் திணித்தாள். எனக்குப் பசிக்கும் என்று எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று பூரித்துப்போனேன்.

வீடு மாடியோடு எழும்பியது. மாமா ஞாயிறுதோறும் மண் பைகளைத் தூக்கிக்கொண்டு வருவார். அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து நிறம் சொல்வாள். பால் காய்ச்சிய கையோடு அவர்கள் கல்யாணமும் நடந்தது. மாடியில் அவர்கள் குடியேற, நான் கீழே தலையணை மேல் கால் போட்டுக்கொண்டு அழுதேன். இப்போதும் வெளியே கிளம்பும் முன் மாமா சட்டையை நீட்டுவார். அத்தை அடுப்படியிலிருந்தே "பச்சை, போட்டுக்கோங்க" என்பாள்.

அன்று குழியிலிருந்து ஏறி வந்த மாமா, டீயைக் குடிக்காமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறுக்கை மென்றபடி அதைக் கவனித்தேன். அத்தை எங்கேயும் போகமாட்டாள் என்பதில் அவருக்கும் என்னைப் போலவே சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.