தே-இல் வாய் திறந்த சனிக்கிழமை

புஷ்பமலருக்குக் கால்பந்து தெரியாது. கால்பந்து ஆடுகிறவர்களைத்தான் தெரியும். ஸ்டுட்கார்ட்டை அடுத்த ஒரு மேட்டில் மூன்றாம் பிரிவுக் கழகம் ஒன்று இருந்தது. அங்கே ஒன்பது வருடமாக உடுப்புத் தோய்க்கிறாள். யார் உண்மையாக ஓடினான், யார் ஓடுகிற மாதிரிக் கையை மட்டும் வீசினான் என்பது, சட்டை மெஷினுக்குள் போவதற்கு முன்பே அவளுக்குப் பிடிபட்டுவிடும். எண்பத்தாறில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவள். உணவகங்களில் கோப்பை கழுவி, அலுவலகங்களில் தரை துடைத்து, கடைசியில் இந்தச் சலவை அறைக்கு ராணியாகிவிட்டாள். அவளைக் கேளாமல் அங்கே ஒரு காலுறை அசையாது.

அப்படிப்பட்ட அறைக்குள், 2006 ஜூலை கடைசியில், ஒருவன் தன்பாட்டுக்கு நுழைந்தான். உலகக் கோப்பை முடிந்து இரண்டு கிழமைதான். பல்கனிகளில் கொடிகள் இன்னும் இறங்கவில்லை. இருபத்து நாலு பேரின் அழுக்கு உடுப்பையும் ஒற்றை ஆளாகச் சுமந்து வந்தான். மூட்டையை வைத்தான். இடுப்பு மடியக் குனிந்து வணங்கினான். பிறகு தரையில் உட்கார்ந்து காலுறைகளைச் சோடி சேர்க்கத் தொடங்கினான்.

புஷ்பமலர் மைதானத்தில் புல் வெட்டுகிற ஊர்க்காரர் றெஜினோல்டிடம் ஓடினாள். அவர் மெஷினில் இருந்தார்; காதில் இரைச்சலுக்கு மூடி. அவரைக் கூப்பிடுவதென்றால் மைதானம் முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

"றெஜினோல்ட் அண்ணை! அண்ணை!"

பயிற்சி முடிந்து நின்ற பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாக றெஜினோல்டும் பார்த்தார்.

"என்ன பிள்ளை?"

"என்ர வேலைக்கு வேற ஆள் பிடிச்சிட்டாங்கள் அண்ணை! சின்னப் பெடியன். அவன் சோடி சேர்க்கிற வேகத்துக்கு என்னால ஏலாது!"

றெஜினோல்ட் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "விசரே உனக்கு? அவன் விளையாட வந்த பெடியன். கொரியாக்காரன். பேர் தே-இல். நடுவில நிண்டு பந்து பிரிச்சுக் குடுக்கிறவன். பத்தொன்பது வயசுதான், ஆனால் இடது காலில என்னவோ இருக்கு எண்டு கதைக்கினம்."

விஷயம் பிறகு விளங்கியது. அவனுடைய ஊரில் அணிக்கு இளையவன்தான் மூத்தவர்களின் அழுக்கைச் சுமக்க வேண்டும். மொக்போ என்ற துறைமுக ஊரில், பள்ளிக்கூட அணியில் அவனும் மூன்று வருடம் சுமந்தான். தனக்கு இளையவர்கள் வந்து, இனி ராசா மாதிரி இருக்கலாம் என்று நினைத்த மாதம் பார்த்து, அவனுடைய வீடியோ ஒன்று ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே வந்தால் மறுபடியும் அவன்தான் கடைக்குட்டி. தெரிந்த நாற்பது ஜெர்மன் சொற்களை வைத்துக்கொண்டு இதையெல்லாம் அவன் சொல்லி முடிக்க ஒரு மாதம் எடுத்தது.

அந்த இடது கால் பொய் இல்லை. பயிற்சியில் அவன் தட்டிவிட்ட பந்து, விலாசம் தெரிந்த தபால்காரன் போல நேரே ஆளிடம் போனது. ஆனால் ஆட்டத்தில் இறக்கினால் பத்து நிமிடத்தில் வெளியே எடுப்பார்கள். காரணம், அவன் வாய் திறக்கவே மாட்டான். பந்து கேட்க மாட்டான். அணித் தலைவன் ரூடியிடமிருந்து ஒருமுறை பந்தைப் பறித்துவிட்டு, ஓட்டத்தை நிறுத்தி, மன்னிப்புக்கு ஒரு வணக்கமும் போட்டான். அந்த இடைவெளியில் பந்து வேறு யாரிடமோ போய்விட்டது.

செப்டம்பரில் பயிற்சியாளர் ப்ரைட்டிங்கர் புஷ்பமலரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்களும் ஆசியாதானே? எனக்கு மொழிபெயர்க்க வேண்டும்."

இல்லை என்று மேலதிகாரியிடம் சொல்லி அவளுக்குப் பழக்கம் கிடையாது. தலையாட்டிவிட்டாள். கொரிய மொழியில் அவளுக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

ப்ரைட்டிங்கர் மூச்சு விடாமல் பேசினார். புஷ்பமலர் தே-இல் பக்கம் திரும்பி, அதையே தன்னுடைய ஜெர்மனில், மெதுவாக, இரண்டு கைகளாலும் சொன்னாள். "நீ, கத்து. பந்து வேணும், பேர் சொல்லிக் கத்து. கத்தவில்லை, டிசம்பர், விமானம், வீடு." அவன் ஜெர்மனிலேயே பதில் சொன்னான். அதை அவள் ப்ரைட்டிங்கருக்கு மறுபடி ஜெர்மனில் சொன்னாள். மனிதர் அசந்துபோனார். "நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்!"

பையன் சொன்னது இதுதான்: "ரூடி, முப்பத்து நாலு. நான், பத்தொன்பது. ரூடி என்று கத்த, வாய் வராது."

ப்ரைட்டிங்கருக்கு அது விளங்கவில்லை. புஷ்பமலருக்கு நன்றாக விளங்கியது. இருபது வருடமாகப் புருஷனை "இஞ்சேருங்கோ" என்று மட்டுமே கூப்பிட்டு வருகிறவள் அவள். ஆனாலும் பயமாக இருந்தது. குளிர்கால விடுமுறை வரைக்கும்தான் அவனுடைய ஒப்பந்தம். அதன் பிறகு இந்தப் பிள்ளை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு ஒரு பாதுகாப்புக்கு மாதாவுக்கும் நேர்ந்தாள்.

டிசம்பர் முதல் கிழமை சலவை அறைக் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. புஷ்பமலர் யன்னலைத் திறந்து தொண்டை கிழியக் கத்தினாள். "றெஜினோல்ட் அண்ணை! அண்ணை! கெதியா வாங்கோ!"

அண்ணை என்றால் சகோதரன் என்று அவளிடமே பழகியிருந்த தே-இல், பக்கத்தில் காலுறையோடு நின்று கேட்டான். "அவர், உங்கள் சகோதரன்?"

"இல்லை. என்னைவிட மூத்தவர். பேர் மட்டும் சொன்னால் மரியாதை இல்லை."

"மரியாதை?" அவன் கண்கள் விரிந்தன. "ஆனால் இவ்வளவு சத்தம்?"

புஷ்பமலர் இதை ஒருநாளும் யோசித்ததில்லை. "மரியாதையைப் போட்டாச்சு. அதுக்குப் பிறகு எவ்வளவு சத்தமும் போடலாம்."

அவனுடைய நாட்டிலும் அப்படி ஒரு சொல் உண்டாம். ஆகஸ்டில் ஒருமுறை மைதானத்தில் அதைச் சொல்லிப் பார்த்தானாம்; ஒருத்தரும் திரும்பவில்லை. இப்போது அவன் யன்னலால் எட்டிப் பார்த்தான். வெளியே வட்டமாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும், ரூடி உட்பட, ஓட்டத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பது வருடமாக இந்தக் குரலுக்குத் திரும்பித் திரும்பிப் பழகிய கழுத்துகள். தே-இல் காலுறையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினான். முழங்கால்வரை நனைந்து நின்ற புஷ்பமலருக்கு, இவனுக்கு என்ன பிடித்துவிட்டது என்று விளங்கவில்லை.

சனிக்கிழமை, விடுமுறைக்கு முந்திய கடைசி ஆட்டம். ஆட்டம் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்கு மட்டும் துவாய்களைக் கொடுக்கிற சாட்டில், மாற்று ஆட்டக்காரர் உட்காரும் வாங்குக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர்கள் அணி ஒரு கோல் பின்னால். அறுபதாவது நிமிடம் ப்ரைட்டிங்கர், வேறு வழியில்லாமல், தே-இலை இறக்கினார்.

ஒரு நிமிடம் சத்தமில்லை. இரண்டு நிமிடம். புஷ்பமலர் வாய்க்குள் முணுமுணுத்தாள். வாயைத் திறவடா தம்பி, திறவடா.

"அண்ணை!"

ரூடியின் தலை தானாகத் திரும்பியது. திரும்பிய கண்ணுக்கு எதிரே தே-இல், ஆளில்லாத இடத்தில், கையைத் தூக்கிக்கொண்டு. ரூடி தட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பிடிக்க ஏலாமல் போய்விட்டது. பின்னால் நின்றவனுக்கும் அண்ணை, கோல் காப்பவனுக்கும் அண்ணை! எல்லோருமே அவனுக்கு மூத்தவர்கள், அண்ணைமாருக்குப் பஞ்சமில்லை. நாலு மாதம் அடைத்துக் கிடந்த தொண்டை, தேர்த்திருவிழாவில் ஆளைத் தொலைத்தவன் மாதிரிக் கத்தியது. எழுபத்திரண்டில் சமன். எதிரணிக்காரர்கள் யாரந்த அண்ணை என்று தேடினார்கள். மைதான மூலையில் றெஜினோல்ட், ஒவ்வொரு தடவையும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழும்பி எழும்பி உட்கார்ந்தார்.

எண்பத்தெட்டாவது நிமிடம் பந்து தே-இலின் காலில். இடது பக்கம் ரூடி தனியாக ஓடி வந்தான். இந்தச் சொல்லைச் சொன்னால் பந்து வரும் என்பதுதான் ரூடிக்கு விளங்கியிருந்தது. நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துக் கத்தினான்.

"அண்ணை!"

தே-இல் திகைத்து நின்றான். முப்பத்து நாலு வயது அணித் தலைவன் தன்னை அண்ணை என்கிறான்! பையனின் முகம் காதுவரை சிவந்தது. பந்தை மிதித்துக்கொண்டு நின்றவனை நோக்கி இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். புஷ்பமலர் துவாயைக் கடித்துக்கொண்டாள். அப்போது அவன் சிரித்தான். மைதானத்தில் முதல்முறையாக, வாய் கொள்ளாமல் சிரித்தான். சிரித்தபடியே அந்த இரண்டு பேருக்கும் நடுவால் பந்தைத் தள்ளிவிட்டான். ரூடி அதை வலைக்குள் அடித்துவிட்டு வந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

முடிவு விசில் ஊதியதும் ப்ரைட்டிங்கர் வாங்கிலிருந்து திரும்பி, தொப்பியைக் கசக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "இரண்டு வருட ஒப்பந்தம். போங்கள், நீங்களே போய் அவனிடம் சொல்லுங்கள்!"

புஷ்பமலர் சேற்றில் ஓடினாள். துவாய்கள் ஒவ்வொன்றாக விழுந்தன; அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முன்னால் போய் நின்று, இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீ போகேல்லையடா தம்பி! இஞ்சதான் இருக்கப்போறாய்! எங்களோடதான் இருக்கப்போறாய்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது தமிழில் என்று அவளுக்கு உறைத்தது. ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தாள். அவன் அதற்குள் அழத் தொடங்கியிருந்தான்.