பெயர் போடாத நிருபம்

ஞானஸ்நானத்தில் மாசாணியம்மாளுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். கருமத்தம்பட்டிச் சபையில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஐம்பத்திரண்டு வயது, சோமனூர் தறிக்குடோனில் நூல் சுற்றுகிற வேலை, வாய் கொஞ்சம் நீளம். இருந்துவிட்டுப் போகட்டுமே!

வருஷத்தில் ஒரு நாள், பெண்கள் ஞாயிறன்று மட்டும்தான் அந்தச் சபையில் பெண்கள் முன்னால் நின்று வேதபாடம் வாசிக்கலாம். முப்பது வருஷம் காத்திருந்தவளுக்கு இந்த முறை சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்தது. பாடம் எபிரெயர் நிருபம், பைபிளில் இருக்கும் கடிதங்களில் ஒன்று. எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். சனிக்கிழமை ஒத்திகையில் அவள் பெயரை விட்டுவிட்டாள். செயலாளர் ஜெரோம் கண்ணாடியைக் கழற்றினார்.

“பவுல் எழுதினதுன்னு சொல்லு அம்மணி.”

“எங்கீங்க போட்டிருக்குது? அவரு எழுதின மத்த நிருபத்துல எல்லாம் எடுத்ததும் பேரைச் சொல்லிப்போடறாருங்க. இதுல பேரே இல்லீங்க. ஒரு பொம்பளை எழுதியிருக்கலாம்னுகூட சில பேரு சொல்றாங்களாமுங்க.”

“அதெல்லாம் படிச்சவங்க பேசிக்கட்டும். முடியாதுன்னா வேற ஆளு வாசிக்கட்டும்.”

அவள் வேதப் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் அவர்.

அவளுக்கோ அவரோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் கல்லறைத் தோட்டத்துப் பாதையைத் தறிக்குடோன் முதலாளி வேலி போட்டு அடைத்தார். கலெக்டருக்கு நாலு பக்கம் மனு எழுதியது அவள்தான். பெயர் போட்டால் வேலை போய்விடும், போடவில்லை. பாதை திறந்த அன்று, நீங்கள்தானே எழுதினீர்கள் என்று எல்லோரும் ஜெரோமைக் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். இப்போது அந்தப் பாதை முகப்பில், மீட்டுத் தந்தவர் என்று அவர் பெயர் பொறித்த கல்லே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் போய் நின்றாள்.

“எபிரெயருக்கு எழுதின நிருபம். எழுதினவங்க பேரு போடலீங்க.”

ஜெரோம் பாதி எழுந்தார்.

“உக்காருங்க. பேரு போடாம எழுதறவங்களுக்கு ஒரு பயம் இருக்குமுங்க. கல்லறைப் பாதைக்கு மனு எழுதினது நானுங்க. என்ற எழுத்துக்கு உங்க பேரு ஒட்டினது போதும். இதுக்கும் ஒரு பேரை ஒட்ட என்னால முடியாதுங்க.”

இது நாளைக்கே முதலாளி காதுக்குப் போகும், வேலையும் போகும். அவளுக்குத் தெரியாதா என்ன? ஜெரோம் உட்கார்ந்தார். அவள் முதல் வசனத்தை எடுத்து, அதிகாரம் முடியும்வரை நிறுத்தாமல் வாசித்தாள்.