லெபேகா உட்கார்ந்த பந்து

லெபேகாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பந்தை உதைக்கத் தெரியாது. எட்டடி ஓடினால் ஒன்பதாவது அடிக்கு உட்கார இடம் தேடுவாள். ஆனாலும் பதினான்கு வருஷமாக, பசிபிக் கடலில் இருக்கிற நுகுநோனு தீவின் பெண்கள் பந்தாட்ட அணி அவள் இல்லாமல் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. திடலின் ஓரத்தில் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, எதிரணிப் பெண்களை வாயாலேயே தோலுரிப்பதுதான் அவள் வேலை.

"ஏய் ஏழாம் நம்பர்! புருஷனை விரட்டுற வேகத்துல பாதியைப் பந்துக்கும் காட்டுடி!"

ஏழாம் நம்பர் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பாள். அதற்குள் பந்து கைமாறி, கால்மாறி, எங்கேயோ போயிருக்கும். இதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. விளையாட்டுத் திடலில் வயதான பெண்கள் எதைப் பேசினாலும் செல்லும், எதைச் செய்தாலும் செல்லும். பச்சையாகப் பேசினால் இன்னும் நன்றாகச் செல்லும்.

அவள் பிறந்தது அத்தாஃபு தீவில். அங்கேயெல்லாம் கல்யாணம் ஆனால் ஆண்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். லெபேகா விஷயத்தில் அது தலைகீழாகிவிட்டது. காரணம், அவள் புருஷன் பெத்தெலோவுக்குக் கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே வாந்தி வரும். பெண் பார்க்கப் போன ஒரே பயணத்தில் அவன் கக்கியதை அத்தாஃபு ஜனங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சரி, கடல்மேல் கிடந்து சாகப்போகிறவனைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று அவளே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த ஊருக்காகக் கோயிலை மாற்றினாள், ஜெபத்தை மாற்றினாள், மீன் அறுக்கிற முறையைக்கூட மாற்றினாள்.

இருபத்தாறு வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் சீமைப்பலாக்காய் சரியாக வேகாவிட்டால், "அத்தாஃபுக்காரி சமையல் அப்படித்தான்" என்று ஒரு குரல் எழும். விருந்துக்குக் கால்மணி நேரம் தாமதமாகப் போனால் அதுவும் அத்தாஃபுப் புத்திதான். இதற்கு லெபேகா கண்டுபிடித்த ஒரே மருந்து, அத்தாஃபு அணி வரும்போது மற்ற எல்லாரையும்விட உரக்க அதைத் திட்டுவது. "அத்தாஃபுக்காரி உதைச்சா பந்து போகாதுடி, செருப்புதான் போகும்!" என்பாள். திடலே உருண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அவள் நுகுநோனுக்காரி. அப்புறம் மறுபடியும் பழைய கதைதான்.

மூன்று தீவுகளுக்கு இடையில் வருஷா வருஷம் நடக்கிற கோப்பையை நுகுநோனு ஒருமுறைகூட வென்றதில்லை. இந்த வருஷம் ஆட்டம் அவர்கள் ஊரிலேயே நடந்தது. இறுதியாட்டத்துக்கும் வந்துவிட்டார்கள், அதுவும் அத்தாஃபுவோடு. லெபேகா ஒரு வாரமாகப் புதுப்புது வசவுகளைத் தயாரித்து வைத்திருந்தாள். ஆட்டத்தன்று காலையில் நடுவர் ஏதோ பாறைமீனைத் தின்றுவிட்டு வயிறு பிடுங்கிப் படுத்துவிட்டார். விசில் ஊதத் தெரிந்த இன்னொருவர், ஏற்கெனவே தோற்றுப்போன மூன்றாவது தீவான ஃபகாஓஃபோவின் அணியோடு வந்திருந்த, அங்கே பெண் கட்டிப் போன பள்ளிக்கூட வாத்தியார் இசாகோ.

இசாகோ லெபேகாவின் கூடப்பிறந்த தம்பி.

ஊர் மூப்பர்களுக்குப் பரம திருப்தி. "ஒரு பக்கம் அக்கா வாக்கப்பட்ட ஊரு, இன்னொரு பக்கம் பொறந்த ஊரு. இதவிட நடுநிலையான ஆளு எங்கய்யா கிடைப்பான்?" என்றார்கள். லெபேகாவுக்கு மட்டும் தலையில் இடி விழுந்தது. அந்தத் தீவுகளில் வயதுக்கு வந்த அக்காளும் தம்பியும் ஒரு கூரையின்கீழ் உட்காரமாட்டார்கள். எதிரே வந்தால் ஒருவர் பாதை மாறிவிடுவார். மிக அவசியமானால் முகம் பாராமல், மரியாதையாக, இரண்டு சொல் பேசலாம். இருவரும் இருக்கிற இடத்தில் யார் வாயிலிருந்தாவது கெட்ட பேச்சு எழுந்தால் அதைவிட வெட்கக்கேடு வேறில்லை. இசாகோவின் குரலை அவள் கடைசியாகக் கேட்டது, அப்பா இறந்த செய்தியை அவன் வானொலித் தொலைபேசியில் சொன்னபோது. அதற்கும் பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

ஆக, லெபேகாவின் வாய்க்குப் பூட்டு. அவள் மட்டுமா? அக்காள் அங்கே உட்கார்ந்திருக்கும்போது தம்பி காதில் விழுகிற மாதிரி வேறு யாரும்கூட எதுவும் பேச முடியாது. முந்நூறு பேர் கூடிய திடல் பூசை வேளை போல அமைதியாக இருந்தது. திட்டு வாங்காத அத்தாஃபுப் பெண்கள் நிம்மதியாக ஆடி ஒரு கோல் போட்டார்கள். லெபேகா விசிறியின் ஓலையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் அணித் தலைவி ஹுலிதா வந்தாள். பெத்தெலோவின் தங்கை. லெபேகாவுக்கு நாத்தனார்.

"அண்ணி, உன் வாயத்தான பூட்டுனாங்க? உடம்பு இருக்குல்ல? வா, வந்து கோல்ல நில்லு."

"அடிப்பாவி, நான் நின்னா அது கோல்கீப்பர் இல்லடி. கோலுக்கு முன்னால வெச்ச அலமாரி."

"அலமாரிதான் வேணும். நீ அங்க நின்னா உன் தம்பி அந்தப் பக்கமே வரமாட்டாரு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

ஹுலிதாவின் மூளையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டாம் பாதியில் நுகுநோனு கோலைச் சுற்றி முப்பதடிக்குச் சட்டமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. இசாகோ திடலின் நடுவிலேயே நின்று வானத்தையும் காயலையும் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே பந்தோடு வந்த அத்தாஃபுப் பெண்ணின் சட்டையை ஒருத்தி பிடித்தாள், ஜடையை இன்னொருத்தி பிடித்தாள். "நடுவரே! கிள்றாங்க!" என்று அவள் அலறினாள். நடுவர் திரும்பிப் பார்க்க வழியில்லை. இந்த அமளியில் நுகுநோனுவும் ஒரு கோல் போட்டுவிட்டது.

ஒன்றுக்கு ஒன்று. சமநிலையில் முடிந்தால் கோப்பை நடத்துகிற ஊருக்குத்தான். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் மூப்பர்கள் எப்போதோ போட்டுவைத்த விதி அது. முடிய இன்னும் இரண்டு நிமிஷம்.

அப்போது அத்தாஃபுவின் ஏழாம் நம்பர், கிள்ளியவர்களையெல்லாம் உதறிக்கொண்டு வந்து ஓங்கி உதைத்தாள். லெபேகா கண்ணை மூடிக்கொண்டாள். பந்து அவள் முழங்காலில் பட்டு, பின்னால் உருண்டு, அவளும் நிலை தடுமாறி, தொப்பென்று அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அகலமான இடுப்புத் துணி நாலாபுறமும் விரிந்து மண்ணை மூடிக்கொண்டது. பந்தையும் காணோம், கோல் கோட்டையும் காணோம்.

"கோல்!" என்றது ஒரு பாதித் திடல். "இல்ல!" என்றது மறுபாதி. கொடி பிடித்திருந்தவரோ அந்த நேரம் பார்த்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அத்தாஃபுப் பெண்கள் அவளைத் தூக்க ஓடிவந்தார்கள். ஹுலிதா கையை விரித்து மறித்தாள். "எங்க அண்ணி மேல கை வெச்சா நடக்கறதே வேற!" பந்து இருக்கிற இடமோ யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடம். தம்பியிடம் போய், "உங்க அக்கா துணிக்கு அடியில பாருங்க" என்று சொல்ல அந்த முந்நூறு பேரில் யாருக்குத் துணிச்சல் உண்டு? பாதிரியார் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

லெபேகாவுக்குத் தெரியும். கோடு தன் கணுக்காலுக்குக் கீழே ஓடுகிறது. பந்து கோட்டுக்கு நன்றாகப் பின்னால், முழுசாக, தனக்கு அடியில் கிடக்கிறது. ஹுலிதா குனிந்து காதில் சொன்னாள்: "அண்ணி, மெதுவா ஒரு முழம் முன்னால நகரு. பந்தும் கூட வந்துரும். எவளுக்கும் தெரியாது."

நகர்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. நகர்ந்தால் கோப்பை. ஊருக்கே முதல் கோப்பை, அதுவும் அவள் காப்பாற்றிக் கொடுத்தது. சாகிற வரைக்கும் அவளை ஒருவரும் அத்தாஃபுக்காரி என்று சொல்லமாட்டார்கள். அவள் கையை ஊன்றிக்கொண்டாள்.

இசாகோ அதற்குள் இருபதடி தூரம் வரை வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி, காயலைப் பார்த்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அக்கா, பந்து எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்றதுதான் முடிவு."

குரல் அப்படியே அப்பா குரலாக மாறியிருந்தது. அவள் எதைச் சொன்னாலும் அவன் நம்பிவிடுவான். அதுதான் சங்கடமே. சந்தேகப்படுகிறவனாக இருந்தால் ஒன்பது பொய் சொல்லியிருப்பாள்.

"கோல்தான், தம்பி" என்றாள்.

இசாகோ திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஒருமுறை தாழ்த்தினார். விசில் ஊதினார். அத்தாஃபுப் பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஹுலிதா அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஒரு பொய்! ஒரே ஒரு பொய் வரலையா அண்ணி உன் வாயில? ஊர்ல ஒருத்தர் விடாம எல்லாரப் பத்தியும் பொய் சொல்லுவியே!"

"உங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன்டி. உன் அண்ணன் உன்கிட்ட இப்படிக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

பெத்தெலோ திடலின் மறுகோடியில், தங்கை ஆடுகிறாள் என்பதற்காகக் காலையிலிருந்து முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான். ஹுலிதா அந்த முதுகைப் பார்த்தாள்.

அப்போது கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது, லெபேகா பயந்துகொண்டிருந்த அதே குரல்: "என்ன இருந்தாலும் அத்தாஃபுக்காரிதானே! பொறந்த ஊருக்குக் கோப்பையத் தூக்கிக் குடுத்துட்டா!"

ஹுலிதா எழுந்தாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எவடி அவ? அத்தாஃபு ஜெயிச்சிருச்சு, அவங்க அதோ ஆடிட்டுப் போறாங்க. இங்க தோத்துப்போய் மண்ணுல குந்தியிருக்கா பாரு, இவ எங்க ஊர்க்காரி! இன்னொரு தடவ மாத்திச் சொன்னா வாயக் கிழிச்சிருவேன்!"

லெபேகாவுக்கு அதற்குப் பதிலாகச் சொல்ல அருமையான, மகா பச்சையான ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இருபதடியில் தம்பி நின்றிருந்தான். வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். சொல்ல முடியாமல் போனதாலோ என்னவோ, கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. தோற்றதுபோலத்தான் என்றாலும், கணக்குக்கு இன்னும் இரண்டு நிமிஷ ஆட்டம் பாக்கியிருந்தது. நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.