பெண் பார்க்கப் போன இடத்தில் கிளட்ச்

இன்று ஒரு வாத்தியாரையும் அவர் அம்மாவையும் பெண் பார்க்க ராகலைக்கு ஏற்றிப்போனேன். சீமைக்குத் திரும்பிய துரையிடம் வாங்கிய என் வாடகைக் கார், கடைசி ஏற்றத்தில் கிளட்ச் தீய்ந்து நின்றுவிட்டது.

வழியில் போனவர்களோடு மாப்பிள்ளையும் சேர்ந்து தள்ள, ஒருவழியாகப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பெண்ணின் அப்பா கராஜ் வைத்திருப்பவர். எங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு, கியர்பாக்ஸை இறக்கத் தொடங்கினார்.

“பிளேட் முடிஞ்சிருச்சு. பேரிங்கும் சத்தம் போடுது. ரெண்டையும் மாத்திருவோமா?”

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “பிளேட் மட்டும் போதுங்க. பேரிங் இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும்.”

“அப்புறம் அதுக்காக மறுபடியும் எல்லாத்தையும் இறக்குவீங்களா?”

“அப்ப பாத்துக்கலாங்க.”

அவர் முகம் சுருங்கியது. என் பக்கம் திரும்பினார். “நீங்க என்னா சொல்றீங்க, தம்பி?”

“இறக்கினது இறக்கியாச்சு. ரெண்டையும் மாத்திருங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

ஆகிவிட்டது என்றேன். அவர் விட்ட பெருமூச்சைப் பற்றி என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

திரும்பும்போது கார் வெண்ணெயாக ஓடியது. “ஒரு பேரிங்கால நல்ல சம்பந்தம் போச்சே” என்று பின் சீட்டில் அம்மா மகனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த பெண்ணைப் பார்க்கப் போகவும் என்னையே கூப்பிடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்?