தட்டிப் பார்க்கும் ஊரில் என் கண்காட்சி

பாட்டைக் கேட்டு, கேட்டதை இரும்பிலும் சாயத்திலும் செய்துவைப்பது என் தொழில். அது என்ன தொழில் என்று திருநெல்வேலியில் விளக்குவது அதைவிடப் பெரிய தொழில். "நீங்க என்ன வேலை பாக்குதீங்க?" என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும். போன வருஷம் பொறுமை போய் வீட்டில் ஒரு சபதம் செய்தேன். சொந்த ஊரில் கண்காட்சி வைப்பேன். நான் வாயைத் திறக்காமலே யாராவது ஒருவருக்கு அதில் பாட்டு கேட்டுவிட்டால் சரி. இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு டிராயிங் டீச்சராகப் போய்விடுவேன். என் கணவர் அன்றைக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பேசியும் வைத்துவிட்டார்.

வளைவு

என் பட்டறை சேரன்மகாதேவியில், வயலுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. பழைய பம்ப்செட் குழாய்களைப் பற்றவைத்து ஒரு தோடி ஆலாபனை செய்துகொண்டிருந்தேன். குழாய் தரையோடு தவழ்ந்து, தயங்கி, சுழன்று, பையப் பைய மேலே போகும். வயல்காரர் ஒருவர் போகும்போதும் வரும்போதும் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார். இவருக்குக் கேட்டுவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

வேலை முடிந்த அன்று உள்ளே வந்து, அடியிலிருந்து நுனிவரை குழாயைத் தடவிப் பார்த்தார். "இம்புட்டு வளைவு இருந்தா தண்ணி ஏறாதும்மா. நாலு வளைவை எடுத்துருங்க" என்றார்.

தட்டாதீர்கள்

கண்காட்சிக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஒரு கருங்கல் சிற்பம் வைத்தேன். பாடகர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்துகிற அந்த ஒரு நொடி அமைதிதான் அது. எங்கள் ஊர்க்காரர்கள் கோயில் கல்தூணைத் தட்டி ஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள். வந்தவர்களெல்லாம் என் அமைதியை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர் சாவிக்கொத்தாலேயே தட்டினார். ஒரு தகரத்தில் 'தட்டாதீர்கள்' என்று எழுதிப் பக்கத்தில் நிறுத்தினேன்.

வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். அறிவிப்பை நிதானமாகப் படித்தார். சிலையைத் தொடவே இல்லை. தகரத்தைத் தட்டினார், கண்ணை மூடிக் கேட்டார், இன்னொரு தரமும் தட்டினார். "சிலையை விட இதுலதான் நாதம் நல்லா இருக்கும்மா."

நிறம்

கடற்கரை ஊர்களில் வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டைக் கருநீலப் பட்டைகளாக வரைந்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்று, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். இவருக்காவது கேட்டுவிட்டது என்று பக்கத்தில் போய் நின்றேன். என்னிடம் திரும்பி, "கடல் இந்த நிறத்துல கெடந்தா எங்க வீட்டுக்காரரு போட்டை எறக்கவே மாட்டாரு" என்றார்.

ஓட்டை

எனக்குப் பிடித்த வேலை சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. கல்லிடைக்குறிச்சிக்குப் போய், அப்பளம் காய்வதற்குள் ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் போட்டு வாங்கிவந்திருந்தேன். ஒரு ஓட்டை ஓர் அடி. மூன்று ஓட்டை, கொஞ்சம் இடம் விட்டு நான்கு ஓட்டை: அது தகிட தகதிமி என்று போகும் மிஸ்ர சாப்பு தாளம். இப்படி விதவிதமான தாளங்களை நூலில் கோத்துக் கூடம் முழுக்கத் தொங்கவிட்டேன். வந்தவர்கள் பார்த்தார்கள், சாப்பாடு எப்போது என்று கேட்டார்கள்.

கண்காட்சி முடிந்தது. யாருக்கும் கேட்கவில்லை. சிலைகளை அன்றே ஏற்றிவிட்டேன். அப்பளத்தை மட்டும் காலையில் பைய இறக்கலாம் என்று விட்டுவைத்தேன். காலையில் போனால் மண்டபத்தில் கல்யாணம், கூடத்தில் வெறும் நூல். சமையல்காரர் என் தாளங்களைக் கடைசிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்துக்கு அவர் அசரவில்லை. பெண் வீட்டார் காயப்போட்டது என்று நினைத்தாராம். "துடைச்சுத்தான் பொரிச்சேன்க்கா. ஓட்டை போட்டிருந்தது நல்லதாப் போச்சு, எண்ணெய் நல்லா வடிஞ்சிட்டு."

பந்தி

கோபமாகப் போகக் கூடாது என்று சமையல்காரர் என்னைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தார். டிராயிங் டீச்சர் வேலைக்கு எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டே ரசம் சாதத்தைப் பிசைந்தேன். பக்கத்து இலையில் தவில்காரர், விரல் கூடுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் அப்பளம் விழுந்தது. எடுத்தவர் கடிக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. தகிட தகதிமி, தகிட தகதிமி. பரிமாறுகிறவரை நிறுத்தி, இதை யார் போட்டது என்று கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரசத்தில் மிளகு அதிகம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டு, நான்தான் என்றேன்.

அவர் என்னை மரியாதையாகப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு அப்பளத்தை நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். "மிஸ்ர சாப்பு சுத்தமா இருக்கும்மா. உப்புதான் ஒரு பொட்டு கூடிட்டு."

பட்டறை இன்னும் திறந்துதான் இருக்கிறது. இத்தனை வருஷம் இரும்பைக் காய்ச்சிய நேரத்துக்கு எண்ணெயைக் காயவைத்திருந்தால் ஊருக்கு எப்போதோ கேட்டிருக்கும் என்பதுதான் என் வருத்தம்.